பெத்தலிலிருந்து முப்பத்து நாலு நிமிஷம்

பெத்தல் டவுனிலிருந்து எங்கள் பனிக்காட்டு ஊருக்கு எழுபத்து நாலு மைல், ரோடு கிடையாது. விமானத்தில் முப்பத்து நாலு நிமிஷம். கம்ப்யூட்டரில் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு கோடு போட்டு, இத்தனை மைல், இத்தனை நிமிஷம் என்று சொல்லிவிடும். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வருகிற வாத்தியார்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் புறப்படுவார்கள். பெத்தலில் நாலு நாள் பெஞ்சில் படுத்து எழுந்து ஒருவழியாக வந்து சேர்ந்ததும் என்னிடம் சண்டைக்கு நிற்பார்கள்.

"முப்பத்து நாலு நிமிஷம்னு போட்டிருந்துதே?"

"போட்டவனையே போய்க் கேளு" என்பேன்.

அந்தக் கோட்டின் நடுவில் ஒரு மலை இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு அந்தக் கவலை கிடையாது. இங்ரிக் என்று பேர். எங்கள் பாஷையில் மலை என்றாலே இங்ரிக்தான். சுற்றுவட்டாரத்தில் வேறு மலை இல்லாததால் தனியாக ஒரு பேர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. மலை திறந்திருந்தால் கணவாய் வழியாக முப்பத்து நாலு நிமிஷம். மேகம் பாதி இறங்கியிருந்தால் ஆற்றைப் பிடித்துக்கொண்டு சுற்றி வரவேண்டும். அது நூற்றுப் பன்னிரண்டு மைல், அம்பத்தைந்து நிமிஷம். மலையே தெரியவில்லை என்றால் யாரும் கிளம்பக்கூடாது.

நான் ஒலிங்கா சர்ஜி. எங்கள் ஊர் நுனாச்சுக்கில் விமானக் கம்பெனியின் ஆள் நான்தான், பதினாலு வருஷமாக. தபால் மூட்டை இறக்குவது, சாமான் எடை போடுவது, ஆளை எடை போடுவது எல்லாம் என் பாடு. எடையைக் குறைத்துச் சொல்கிற பெண்டுகளைப் பார்த்து முகத்துக்கு நேரே சிரித்துவிடுவேன். ஓடுபாதையில் மான்கூட்டம் நின்றால் வண்டியை எடுத்துக்கொண்டு விரட்டுவதும் நான்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை ஒன்று உண்டு. ஓடுபாதையோரம் அரசாங்கம் வைத்த வானிலைக் கருவி தலைக்கு மேலே இருக்கிற வானத்தைத்தான் பார்க்கும், மலையைப் பார்க்காது. அதனால் ஒவ்வொரு விமானமும் கிளம்புவதற்கு முன்னால் பெத்தல் ஆபீசிலிருந்து பெர்னா எனக்குப் போன் போடுவாள்.

"மலை தெரியுதா?"

முழுசா, பாதி, இல்லை. மூன்றே பதில். அதற்கு மேல் பேச்சு கிடையாது. நான் சொல்கிற ஒரு வார்த்தையை வைத்துத்தான் பைலட் எந்த வழி என்று முடிவு செய்வான். பதினாலு வருஷத்தில் ஒருத்தரும் என்னை இரண்டாவது தடவை கேட்டதில்லை.

என் மகள் மார்ஃபா நவம்பர் கடைசியில் பெத்தல் போனாள். எங்கள் ஊரில் பிரசவம் பார்ப்பதில்லை. ஒரு மாதம் முன்னாலேயே வயிற்றைத் தூக்கிக்கொண்டு பெத்தல் போய், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து விடுதியில் மற்ற ஊர்ப் பெண்களோடு சீட்டாடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். டிசம்பர் இருபத்திரண்டில் பையன் பிறந்தான். அத்சாக் என்று பேர் வைத்துவிட்டதாகப் போனில் சொன்னாள்.

அத்சாக் என் புருஷனின் பேர். போன ஏப்ரலில் ஆற்றுப் பனி உடைந்து வண்டியோடு போய்விட்டார். செத்தவர் பேரை அடுத்துப் பிறக்கிற குழந்தைக்கு வைத்தால் அவரே வந்துவிட்டார் என்பது எங்கள் வழக்கம். வெறும் பேச்சுக்கு அல்ல. அந்தக் குழந்தையை மார்ஃபா அப்பா என்றுதான் கூப்பிடுவாள். நான் வாய்யா போய்யா என்று சண்டை போடலாம். எட்டு மாதமாகப் பேச்சுத் துணையில்லாமல் கிடந்தவளுக்கு வேறு என்ன வேண்டும்? என் புருஷன் வீட்டுக்கு வருகிறான், நடுவில் ஒரே ஒரு மலை. எட்டு நாளாக அந்த மலை கண்ணிலேயே படவில்லை.

ஜனவரி ஆறாம் தேதி காலை பதினொரு மணிக்கு வெளிச்சம் வந்ததும் வாசலுக்குப் போனேன். என் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் ஓடுபாதையைப் பார்த்தவை. மலையைப் பார்க்க வாசல்படி இறங்கி வீட்டு மூலை வரைக்கும் போகவேண்டும், பன்னிரண்டு அடி. போனேன். மலை முழுசாக நின்றது, கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உள்ளே ஓடி பெர்னாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். முதலில் தபால் விமானம் வேறொரு ஊருக்குப் போகிறது, அது திரும்பி வந்ததும் பைலட் லாயிட் உன் மகளைக் கூட்டிக்கொண்டு வருவார், கிளம்பும்போது கூப்பிடுகிறேன் என்றாள்.

மறுநாள் எங்களுக்குக் கிறிஸ்துமஸ். ஏழாம் தேதிதான் எங்கள் கோவில் கணக்கு. ஜோடித்த நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஊரே வீடு வீடாகப் பாடிக்கொண்டு வரும். வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட வேண்டும். பெரிய அண்டாவில் கொழுப்பைப் போட்டுக் கையாலேயே அடித்து அகுத்தாக் என்கிற இனிப்பு செய்துகொண்டிருந்தேன். கொழுப்பு நுரைத்து வெளுத்து வந்த பிறகு காட்டுப்பழத்தைச் சேர்க்கவேண்டும், நடுவில் விட்டால் கெட்டுப்போகும். மருமகன் கஸ்டி வந்து அடுப்போரம் நின்றான்.

"அத்தை, கொழுப்பு கம்மியா இருக்கே."

"உன்கிட்ட இருக்கறது போதாதா? போய் முகத்த வழி. அவ வந்து எறங்கினதும் ஏதோ கஸ்தூரி மாடு நிக்குதுன்னு நெனச்சு சுட்டுத் தொலைக்கப் போறா."

"என் புள்ளைக்கு என் மூஞ்சி புடிக்கும்."

"புள்ளையா? அவரு உன் மாமனாரு. மரியாதையா பேசு. உசிரோட இருந்தப்பவே உன்னப் புடிக்காது அவருக்கு."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, "காத்து வடக்கால திரும்புற மாதிரி இருக்கு அத்தை" என்றான். "திரும்பினா திரும்பட்டும், கதவச் சாத்து" என்றேன்.

பன்னிரண்டு நாற்பதுக்குப் போன் அடித்தது. இரண்டு கையும் முழங்கை வரை கொழுப்பு. மோவாயால் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"ஒலிங்காக்கா, எல்லாம் ரெடி. மார்ஃபா இங்கதான் நிக்கிறா. லாயிட் கேக்கறாரு, மலை தெரியுதா?"

அவளுக்குப் பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. முதல் தடவை கேட்கிறேன். சின்னதாக, கோபமாக ஒரு அழுகை.

"தெரியுது," என்றேன். "முழுசா."

"சரிக்கா."

அவ்வளவுதான். கையில் கொழுப்பு இருந்தது, அண்டாவை விட்டு நகர முடியவில்லை என்று பின்னால் எனக்கு நானே நிறையச் சொல்லிக்கொண்டேன். எல்லாம் பொய். பன்னிரண்டு அடி. போய்ப் பார்த்தால் மலை இல்லாமல் போய்விடுமோ என்று பயம். அதனால்தான் போகவில்லை.

ஒன்று ஐந்துக்குக் கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். அப்படியென்றால் ஒன்று முப்பத்தொன்பதுக்கு வரவேண்டும். கையைக் கழுவி, கோட்டு மாட்டி, ஒன்றரைக்கு வெளியே வந்தேன். கஸ்டி பனிவண்டிக்குப் பின்னால் சறுக்குவண்டியைக் கட்டி, மான்தோல் விரித்துத் தயாராக நின்றான். முகத்தை வழித்து, மூக்குக்குக் கீழே ஒரு இடத்தில் வெட்டிக்கொண்டிருந்தான். நான் வீட்டு மூலையைத் தாண்டினேன்.

மலை இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை. பாதிகூட இல்லை. அடிவாரத்துப் புதர்வரைக்கும் வந்து இறங்கிவிட்டது.

ஒன்று முப்பத்தொன்பது ஆயிற்று. காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். கஸ்டி வண்டி இன்ஜினை அணைத்தான். நாய் ஒன்று குரைத்தது. கஸ்டி அதன் மேல் பனிக்கட்டியை எறிந்தான். ஒன்று நாற்பத்தைந்து.

"மூடிருச்சே அத்தை."

"ஆத்து வழியா வருவாரு. ரெண்டு மணி ஆகும்."

"பெர்னா கேட்டப்போ தெரிஞ்சுதுல்ல?"

"தெரிஞ்சுது," என்றேன். இது இரண்டாவது பொய்.

லாயிட் பன்னிரண்டு வருஷமாக எங்கள் ஊருக்கு ஓட்டுகிறவர். வருகிறபோதெல்லாம் எனக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டுவருவார். என் புருஷன் போனபோது நாலு நாள் ஆற்றின் மேலே தாழப் பறந்து பறந்து தேடியவர். துணிச்சலைக் காட்டுகிற ஆள் இல்லை. சின்னப் பைலட்டுகள் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி பண்ணுவார்கள். எப்படியும் வந்துவிடுவார் என்று அதையே பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு மணியும் ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. குறித்த நேரத்துக்கு மேல் அரைமணி ஆனால் தேட வேண்டும் என்பது சட்டம். பெர்னா கூப்பிட்டாள். அவள் குரல் சரியாக இல்லை.

"அக்கா, இங்க கம்ப்யூட்டர்ல அவரோட புள்ளி மலைக்குப் பதினோரு மைல் முன்னாடி நின்னுபோச்சு. அங்க எப்பவும் நிக்கும், மலை மறைக்கும், அது ஒண்ணுமில்ல. ஆனா அப்புறம் வரவேயில்ல. நீ முழுசா தெரியுதுன்னு சொன்னதால கணவாய்லதான் போயிருப்பாரு. இங்கயும் மூடிருச்சு, மேல ஒரு விமானத்தையும் அனுப்ப முடியல. உங்க ஆளுங்கள கணவாய்க்கு அனுப்புக்கா."

ஊரில் தேடுதலுக்குத் தலைவர் வாசிலி மாமா. பத்து நிமிஷத்தில் ஒன்பது பனிவண்டி கிளம்பிவிட்டது. கஸ்டி முன்னால் போனான். பூஜ்யத்துக்குக் கீழே இருபது. ஐந்தரைக்கு இருட்டிவிடும். குழந்தைக்குப் பதினைந்து நாள்.

நான் வீட்டுக்குள் வந்து ரேடியோ முன்னால் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அந்த ரேடியோ உண்டு, நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். ஒருத்தர் பேசினால் ஊரே கேட்கும். யார் வீட்டில் மீன் இருக்கிறது, யார் புருஷனைக் காணோம், எல்லாம் அதில்தான். வாசிலி மாமா தன் வண்டியிலிருந்து மற்ற வண்டிகளோடு பேசிக்கொண்டிருந்தார். கணவாய் வாசலுக்குப் போய்விட்டோம், ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை, இன்னும் உள்ளே போகிறோம் என்றார்கள்.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. மலை எப்போது மூடியது என்று எனக்கே தெரியாது. பன்னிரண்டு மணிக்கே மூடியிருக்கலாம். அப்படியானால் லாயிட் அங்கே வந்து சேரும்போது எதிரே வெள்ளைச் சுவர் நின்றிருக்கும். அதற்குள் அவர் நுழையவே மாட்டார். திரும்பி ஆற்றைப் பிடித்திருப்பார். அவர்கள் ஆற்றங்கரையில் எங்கேயோ கிடக்கிறார்கள், ஊரிலுள்ள ஆம்பளைகள் அத்தனை பேரும் மலையில் தேடுகிறார்கள். என் ஒரு வார்த்தையை நம்பித் தேடுகிறார்கள்.

மைக்கைக் கையில் எடுத்தேன். எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒருவேளை கணவாயிலேயே இருந்தால்? நான் சொல்லி, அவர்கள் திரும்பி, அங்கேயே குழந்தை விறைத்துப்போனால்? இப்படி நினைத்தேன். அதற்கு அடியில் இன்னொன்றும் நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஊர் முழுக்கக் கேட்குமே என்று நினைத்தேன். நாளைக்கு நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு யார் வருவார்கள் என்று நினைத்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பதினொரு நிமிஷம் அப்படி உட்கார்ந்திருந்தேன். என் மகளும் பேரனும் பனியில் கிடக்கும்போது, பதினொரு நிமிஷம் நான் என் மானத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். த்தூ.

பொத்தானை அழுத்தினேன்.

"கஸ்டி. வாசிலி மாமா. ஒலிங்கா பேசறேன்."

"சொல்லு."

"பன்னண்டு நாப்பதுக்கு நான் மலையப் பார்க்கல. பதினோரு மணிக்குப் பார்த்ததுதான். வெளில போகாமயே தெரியுதுன்னு சொல்லிட்டேன். அவரு வந்தப்பவே மூடியிருக்கும். ஆத்துப் பக்கம்தான் திரும்பியிருப்பாரு. ஆத்துல தேடுங்க."

அந்த ரேடியோ அப்படி அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. ஊரில் நாற்பது வீடு. நாற்பது வீட்டிலும் கேட்டிருக்கும்.

பிறகு வாசிலி மாமா பேசினார். "நாலு வண்டி எங்கூட ஆத்துக்கு வாங்க. மத்தவங்க கணவாய்லயே இருங்க."

"நான் ஆத்துக்கு," என்றான் கஸ்டி. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை என்று சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெர்னாவுக்கும் போன் போட்டு அதையே சொன்னேன். "லாயிட்டோட வீட்டம்மா இங்க வந்து உக்காந்திருக்காங்க அக்கா. நான் அவங்ககிட்ட என்ன சொல்ல?" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

நாலு இருபதுக்கு ரேடியோவில் காற்றுச் சத்தத்துக்கு நடுவே வாசிலி மாமாவின் குரல் வந்தது. மூன்றாவது வளைவில், மணல் திட்டு மேல் விமானம் கிடக்கிறது என்றார். இறக்கை ஒன்று முறிந்து தனியாகக் கிடக்கிறது என்றார். பிறகு எத்தனை நேரமோ, திரும்பவும் பேசினார். "புள்ள உசிரோட இருக்கு. மார்ஃபாவும் இருக்கா. தோள்பட்டை ஒடைஞ்சிருக்கு." ரேடியோ கரகரத்தது. "லாயிட் போயிட்டாரு."

மருந்துக்கூடத்து வாசலில் ஊரே நின்றது. நான் வந்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருத்தரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, ஒருத்தரும் கையைப் பிடிக்கவும் இல்லை. ஐந்தே காலுக்கு, வெளிச்சம் போகப் போக, பனிவண்டிகள் ஆற்றங்கரையிலிருந்து ஏறி வந்தன. கடைசி சறுக்குவண்டியில் தார்ப்பாய் போட்டு மூடி ஒன்று கட்டியிருந்தார்கள். அதை நான் பார்த்தேன், நன்றாகப் பார்த்தேன்.

மார்ஃபாவை உள்ளே தூக்கிவந்து கட்டிலில் கிடத்தினார்கள். முகமெல்லாம் வெளுத்து, உதடு வெடித்திருந்தது. கோட்டுக்குள்ளே, தோலோடு தோலாக, குழந்தையைக் கட்டி வைத்திருந்தாள். நர்ஸ் அதை எடுத்ததும் அது அழுதது. அதே சின்னக் கோபமான அழுகை. கஸ்டி சுவரோரம் நின்றான். வாசிலி மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கதவு வழியாக ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் கிட்டே போனதும் மார்ஃபா நல்ல கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அழாத. இதோ பாரு, அப்பா வந்துட்டாரு. தூக்கு."

தூக்கினேன். துணிப்பொட்டலம் அளவுகூட எடையில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"லாயிட்ட யாரும் குத்தம் சொல்லிடக்கூடாதும்மா," என்றாள் மார்ஃபா. பல் கிட்டித்துப்போய்ப் பேச்சு மெதுவாக வந்தது. "அவரு வேணாம்னுதான் சொன்னாரு. வடக்கால கறுத்திருக்கு, இன்னிக்கு மனசு ஒப்பல, நாளைக்குப் போவோம்னாரு. நான்தான் விடல. நாளைக்குப் பண்டிகை, எங்கம்மா தனியா இருக்காங்கன்னு சொன்னேன். அவரு யோசிச்சுக்கிட்டே நின்னாரு. அப்புறம் நான் சொன்னேன், எங்கம்மா தெரியுதுன்னு சொன்னா தெரியும், அவங்க வெளில போய் நின்னு கண்ணால பார்க்காம ஒரு நாளும் சொல்ல மாட்டாங்கன்னு. அதுக்கப்புறம்தான் அவரு சாவிய எடுத்தாரு."

அவளைத் தவிர அங்கே நின்ற எல்லாரும் ரேடியோவில் கேட்டவர்கள். கஸ்டி தரையைப் பார்த்தான். வேறு யாராவது சொல்வதற்குள் நான் சொல்லவேண்டும்.

"மார்ஃபா," என்றேன். "நான் பார்க்கல."

அவள் என்னையே பார்த்தாள்.

"என்னத்தம்மா?" என்றாள்.